வண்டிகளை எண்ணுகிறோம், அறைகளை யார் எண்ணுவது?

கல்லாறு சோதனைச்சாவடியில் வண்டி நின்றதும் ஊழியர் முதலில் கேட்பது இ-பாஸ். பச்சை நிறக் குறியீடு என்றால் உள்ளூர்க்காரர், நீலம் என்றால் விளைபொருள் ஏற்றிவரும் வண்டி, ஊதா என்றால் சுற்றுலாப் பயணி. சீசன் நாட்களில் நீலகிரிக்குள் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் நுழைகின்றன என்ற விவரம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது நீதிபதிகள் அதிர்ந்துபோனார்கள். அதன் விளைவாக, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த நடைமுறை வந்தது. மறு ஆண்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000 என்று உச்சவரம்பு வைத்தது.

இதை முழு மனதோடு வரவேற்கிறேன். பயணிகளின் எண்ணிக்கை ஏறுவதையே ஆண்டுதோறும் சாதனையாகச் சொல்லிவந்த நம் ஊரில், ஒரு மலைக்கும் கொள்ளளவு உண்டு என்று எழுத்துபூர்வமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது பெரிய திருப்பம். ஆனால், வைக்கப்பட்டிருப்பது சாலையின் வரம்பு. அந்த மலையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் குளிக்கலாம், எத்தனை பேரின் கழிவுநீரை எந்த ஓடை தாங்கும், எந்தச் சரிவில் இன்னொரு மாடி எழும்பலாம் என்ற கேள்விகளுக்குச் சோதனைச்சாவடியில் விடை கிடைக்காது. அவை கட்டட அனுமதி கொடுக்கும் மேசையில் கேட்கப்பட வேண்டியவை. மலைச் சுற்றுலாவுக்கு வரம்பு வைப்பதென்றால் முதலில் அறைகளுக்கு வைக்க வேண்டும். எத்தனை அறைகள் என்பதை அந்த மலையின் கோடைக்காலத் தண்ணீரிலிருந்து கணக்கிட வேண்டும். வண்டிகளின் கணக்கு அதற்குப் பிறகுதான்.

மலையில் ஏது தண்ணீர்ப் பஞ்சம் என்று சமவெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். அவலாஞ்சி, மேல்பவானி பக்கத்துப் புல்வெளிகளைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பும் இல்லை. இரண்டு புல்மேடுகள் சேரும் மடிப்பில் மட்டும் அடர்த்தியாக ஒரு சோலைக்காடு நிற்கும். மரங்கள் குட்டையானவை, பட்டை முழுக்கப் பாசியும் ஆர்கிட் செடிகளும். அதன் அடியில் கறுத்த மண்ணில் கால் வைத்தால் மெல்லப் புதையும். கையால் அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் நீர் கசியும். தென்மேற்குப் பருவமழை பெய்து ஓய்ந்து பல மாதங்கள் ஆன பிறகும் அந்த மடிப்பிலிருந்து விரல் தடிமனில் ஓர் ஓடை இறங்கிக்கொண்டே இருக்கும். புல்லின் வேர்களும் சோலையின் மட்கும் சேர்ந்து மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. பைக்காரா மின் திட்டமும் குந்தா மின் திட்டமும் இந்த மண்ணை நம்பித்தான் ஓடுகின்றன. பவானியும் மோயாறும் இங்கிருந்து இறங்கித்தான் பவானிசாகரை நிரப்புகின்றன. ஈரோட்டுப் பக்கத்து வயல் கோடையில் பச்சையாக இருப்பதற்கும் இந்தக் கறுப்பு மண்ணுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதியை நாம் இழந்துவிட்டோம். வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி விடுதலைக்குப் பிறகும் நெடுங்காலம், சீகை, தைலமரம், பைன் என்று அந்நிய மரங்களை அங்கே நட்டோம். அது தனியாக எழுத வேண்டிய கதை. இங்கே சொல்ல வேண்டியது, மிச்சமிருக்கும் ஊற்றுகளை நம்பித்தான் மலை நகரங்கள் குடிக்கின்றன என்பது. ஊட்டிக்கு பார்சன்ஸ் வேலி, குன்னூருக்கு ரேலியா அணை. சின்ன ஊர்களாக இருந்தபோது போட்ட கணக்கு அது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு முரண்பாடு இருக்கிறது. மலையில் ஓடைகள் மிக மெலிந்திருக்கும் மாதங்கள் ஏப்ரலும் மேயும். பள்ளி விடுமுறையும் மலர்க் கண்காட்சியும் வருவது அதே மாதங்களில். தண்ணீர் மிகக் குறைந்திருக்கும் நேரத்தில் ஆட்கள் மிக அதிகமாக இருக்கிறார்கள். அப்போது என்ன நடக்கிறது என்பதை அறிய, சீசனில் ஒரு விடியற்காலை காட்டேஜ் வரிசை பக்கம் போனால் போதும். தண்ணீர் லாரி ஒன்று இன்ஜினை அணைக்காமல் நிற்கும். அதன் ரப்பர் குழாய் சுவரேறி மூன்றாவது மாடித் தொட்டிக்குள் போயிருக்கும். அறைகளில் கீசர் ஓடிக்கொண்டிருக்கும், முந்தைய நாள் தங்கியவர்களின் படுக்கைவிரிப்புகள் துவைக்கக் குவிந்திருக்கும். நாலு வீடு தள்ளி, பல நாட்களுக்கு ஒருமுறை வரும் நகராட்சிக் குழாய்க்காகக் குடங்கள் வரிசையில் காத்திருக்கும். அந்தக் குடத்துக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் அதே காட்டேஜில் அறை கூட்டித் துடைக்கும் பெண்ணாக இருப்பார். லாரித் தண்ணீர் ஏதோ ஒரு தனியார் கிணற்றிலிருந்தோ ஊற்றிலிருந்தோ வருகிறது. அங்கே எவ்வளவு எடுக்கப்படுகிறது என்பதற்கு மீட்டர் இல்லை.

போகும் தண்ணீரின் கதையும் இப்படித்தான். 1820-களில் ஜான் சல்லிவன் முயற்சியில் ஓர் ஓடையை மறித்து உருவாக்கப்பட்டது ஊட்டி ஏரி. இன்று நகரத்தின் கழிவுநீரைச் சுமந்துவரும் கோடப்பமந்து கால்வாய் அதில்தான் கலக்கிறது. அந்த நீரின் மீதுதான் குழந்தைகளைப் படகில் ஏற்றி அழைத்துப்போகிறோம்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2018-ல் சிம்லா ஒரு விடை சொன்னது. மே மாதக் கடைசியில் அந்த நகரத்தின் நீரூற்றுகள் வறண்டு, தேவையில் பாதிகூடக் கிடைக்காத நிலை வந்தது. மக்கள் நள்ளிரவில் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். கோடை விழா தள்ளிவைக்கப்பட்டது. கட்டுமானப் பணிகளை நிறுத்தச் சொல்லியும், முக்கியப் பிரமுகர்களின் வீடுகளுக்குத் தனியாக லாரித் தண்ணீர் போகக் கூடாது என்றும் இமாச்சல் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. தயவுசெய்து இப்போது வராதீர்கள் என்று ஊர்க்காரர்களே பயணிகளைக் கேட்டுக்கொண்டார்கள். சுற்றுலாவால் வாழும் ஓர் ஊர் அப்படிக் கேட்கும் நிலைக்கு வந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரிவுகளின் பொறுமை

நீலகிரியில் பாறைக்கு மேலே பல அடி ஆழத்துக்கு மக்கிய செம்மண் படிந்திருக்கிறது. காய்ந்திருக்கும்போது அது சுவர்போல நிற்கும். தொடர்மழையில் நீர் உள்ளே இறங்க இறங்க மண்ணின் எடை கூடுகிறது, துகள்களுக்கு இடையிலான பிடிப்பு குறைகிறது. அந்த நிலையிலும் சரிவு நிற்பதற்கு அதன் அடிப்பகுதிதான் காரணம். கட்டடத்துக்குச் சமதளம் வேண்டும் என்று நாம் முதலில் வெட்டுவது அந்த அடிப்பகுதியை. வெட்டிய இடத்தில் கான்கிரீட் தடுப்புச்சுவர் எழுப்புகிறோம். நீர் வெளியேறச் சுவரில் போதிய துளைகள் விடாவிட்டால், பின்னால் தேங்கும் நீரே அந்தச் சுவரைத் தள்ளிவிடும். அதோடு, வீட்டுமனைக்காக மேலே ஓர் ஓடை மூடப்பட்டிருந்தால் அந்த நீரும் இங்கேதான் வந்து சேரும்.

2009 நவம்பரில் நீலகிரி முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் மாண்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கும் மேல் அது. 2024 ஜூலை 30 அதிகாலை, கூடலூருக்கும் பந்தலூருக்கும் அண்டையிலுள்ள வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் சேற்றில் புதைந்தன. வயநாட்டுச் சரிவு தொடங்கிய இடம் மனிதர் குடியிருக்காத உச்சி. ஆகவே விடுதிகளால்தான் அது நடந்தது என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால், அப்படிப்பட்ட மழை இனி எந்த மலையிலும் எந்த இரவிலும் பெய்யலாம் என்று தெரிந்த பிறகும், ஓடை இறங்கும் பாதையில் படுக்கைகளைப் போட்டு அதில் வெளியூர்க்காரர்களைத் தூங்கவைப்பது யாருடைய பொறுப்பு? தங்க வந்தவருக்கு அந்தச் சரிவைப் பற்றி எதுவும் தெரியாது. அறையிலிருந்து பள்ளத்தாக்கு அழகாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துத்தான் அவர் பதிவு செய்திருப்பார்.

விதிகள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மலைப்பகுதிகளைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1990-லேயே தனி ஆணையம் அமைக்கப்பட்டது. 1993-ல் மலை நகரங்களுக்கென்று தனிக் கட்டட விதிகள் வந்தன. நீலகிரியில் ஆட்சியர் அனுமதி இல்லாமல் ஜேசிபி இயக்கக் கூடாது, ஆழ்துளைக் கிணறு தோண்டக் கூடாது. இருந்தும் கொடைக்கானலில் விதிமீறிய கட்டடங்கள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்ட பிறகுதான் அவற்றைப் பூட்டி முத்திரையிடும் வேலை தொடங்கியது. ஒரு கட்டடம் ஒரே இரவில் எழும்புவதில்லை. அஸ்திவாரம் தோண்டும்போது, தளம் போடும்போது, மின் இணைப்பு கேட்கும்போது, குடிநீர் இணைப்பு கேட்கும்போது என்று குறைந்தது நான்கு முறையாவது அது அரசு அலுவலகங்களின் கண்ணில் படுகிறது. வீடு என்று அனுமதி வாங்கிக் கட்டியதை ஹோம் ஸ்டே என்று செயலிகளில் வாடகைக்கு விடுவது இப்போது இன்னும் எளிது. முன்பதிவுத் தளங்களில் விளம்பரமாகும் ஒவ்வொரு அறைக்கும் உள்ளாட்சி அமைப்பின் உரிம எண் கட்டாயம் என்று அரசு நிபந்தனை போட்டால், அறைகளின் கணக்கு சில வாரங்களில் மேசைக்கு வந்துவிடும். அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

அறைகள் கட்டுப்பாடின்றிப் பெருகினால் என்ன ஆகும் என்பதை மசினகுடி காட்டிவிட்டது. முதுமலையை ஒட்டிய சீகூர் பீடபூமி யானைகளின் வழித்தடம். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோத்துக்கொள்ளும் இடம். அங்கே வேலியும் விளக்குமாக விடுதிகள் முளைத்தன. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. வழித்தடத்தைக் காக்கச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத்தின் 2011-ம் ஆண்டுத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு தங்கும் விடுதியின் பக்கம் வந்த யானை மீது எரியும் டயரை வீசினார்கள். காது கருகி, ரத்தம் வடிய, அந்த யானை செத்துப்போனது. தீ பிடித்த தலையோடு அது இருட்டுக்குள் ஓடும் காணொலியைத் தமிழ்நாடே பார்த்தது. வனத்துறை ஊழியர் ஒருவர் அதன் துதிக்கையைத் தொட்டபடி அழுததையும் பார்த்தோம்.

மலைக்காரர்கள் எதைத் தின்பது?

2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரியில் கடைகள் அடைக்கப்பட்டன. இ-பாஸ் வேண்டாம் என்பதுதான் வணிகர்களின் கோரிக்கை. அந்தக் கடையடைப்பைச் சுயநலம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம், ஆனால் தவறு. சாக்லேட் கடையில் நிற்கும் பெண், வர்க்கி விற்பவர், டாக்சி ஓட்டுபவர், லாட்ஜில் பாத்திரம் கழுவும் இளைஞர் ஆகியோர் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதியை ஏப்ரல், மே மாதங்களில்தான் பார்க்கிறார்கள். வேறு பிழைப்பு இருந்ததே, அது என்ன ஆனது என்று கேட்டால் கதை தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறது.

நீலகிரியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு தேயிலை விவசாயிகள். 2023-ல் அவர்கள் பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு 33.50 ரூபாய் வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் கையில் அப்போது கிடைத்துக்கொண்டிருந்தது அதில் பாதியளவுதான். பறிகூலியும் உரமும் போக ஒன்றும் மிஞ்சாத தோட்டத்துக்கு, பெங்களூரிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வருபவர் சென்ட் கணக்கில் விலை பேசும்போது, அந்த விவசாயி எவ்வளவு காலம் மறுப்பார்? தோட்டம் மனையாகிறது, மனை காட்டேஜ் ஆகிறது, விற்றவரின் மகன் அதே இடத்தில் காவலாளி ஆகிறார். ஆகவே தேயிலை விலையைப் பற்றிப் பேசாமல் மலைச் சுற்றுலாவை ஒழுங்குபடுத்துவது பற்றிப் பேசுவதில் பயனில்லை. ஒரு கிலோ இலைக்குக் கட்டுப்படியாகும் விலை கொடுப்பது, விதிமீறிய கட்டடங்களுக்கு முத்திரையிடுவதைவிட அதிகச் சரிவுகளைக் காப்பாற்றும்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடிகள் இந்த வரவு செலவில் இன்னும் கீழே இருக்கிறார்கள். அவர்களின் பூத்தையல் சால்வையும் தேனும் கடைகளில் விற்பனையாகின்றன. அவர்கள் வாழும் ஊருக்குப் பக்கத்தில் விடுதி வரலாமா என்று அவர்களிடம் கேட்பதில்லை. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் கொடுத்த அதிகாரம் இங்கே பெரும்பாலும் காகிதத்தில் இருக்கிறது.

வண்டி அடிவாரத்தில் நிற்கட்டும்

நுழைவுக்கு எண்ணிக்கை வைப்பதில் ஒரு நியாயக்குறை உண்டு. கணினியில் முந்திக்கொள்பவருக்கு இடம் கிடைக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் வாங்கும் தம்பதி, சனிக்கிழமை இரவுதான் ஊட்டிக்குப் போகலாமா என்று முடிவெடுப்பார்கள். இன்னொரு யோசனை, பூடானைப்போலக் கட்டணத்தை ஏற்றுவது. அங்கே வெளிநாட்டுப் பயணி ஒருவர் ஓர் இரவுக்கு 100 டாலரும், இந்தியர் 1,200 ரூபாயும் கட்டுகிறார்கள். தமிழ்நாட்டு மலைகளுக்கு இந்த வழி எனக்கு உடன்பாடில்லை. புளியோதரையைக் கட்டிக்கொண்டு, பாட்டியையும் அழைத்துக்கொண்டு, வாழ்நாளில் ஓரிரு முறை மலையேறும் குடும்பத்தைத் தடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு காரில் வந்து நீச்சல்குள விடுதியில் தங்குபவரை மட்டும் அனுமதித்தால் மலையின் சுமை குறையாது. முந்தைய குடும்பம் குறைவாகத்தான் தண்ணீர் செலவழிக்கிறது.

கட்டுப்பாட்டை ஆளின் மீது வைக்காமல் வண்டியின் மீது வைக்கலாம். சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊருக்குள் பெட்ரோல் கார்கள் போக முடியாது. பக்கத்து ஊரான டேஷில் நிறுத்திவிட்டு ரயிலேற வேண்டும். நம் நாட்டிலேயே மும்பைக்கு அருகில் மாத்தேரான் மலையில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அங்கேயும் ஒரு கறை இருந்தது. கார் வராத ஊரில் மனிதரை வைத்து மனிதர் கைரிக்‌ஷா இழுத்தார்கள். அதை ஆறு மாதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டுப்பாட்டின் பாரத்தை ஏழையின் முதுகில் இறக்கிவைக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நமக்கோ 1899-லேயே மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்துவிட்டது. 1908-ல் அது ஊட்டியைத் தொட்டது. பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும் அந்த ரயிலுக்கு 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. அதில் அதிகம் பேரை ஏற்ற முடியாது என்பது உண்மை. பேருந்துகளால் முடியும். சீசனில் மேட்டுப்பாளையத்திலும் வத்தலக்குண்டிலும் பெரிய நிறுத்துமிடங்கள் அமைத்து, அங்கிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து விடலாம். மேலே போனதும் தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, படகு இல்லம் என்று சுற்றிவர, ஒரே சீட்டில் நாள் முழுக்க ஏறி இறங்கும் சிற்றுந்துகள் வேண்டும். உள்ளூர் டாக்சிக்காரர்களின் வண்டிகளையே அதற்கு வாடகைக்கு எடுக்கலாம். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விலக்கு கொடுக்கலாம். அப்போது 6,000 என்ற எண் வண்டிகளுக்கு மட்டும்தான். பேருந்தில் வருபவரை யாரும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

மக்கள் ஒத்துழைக்க மாட்டார்கள் என்று அதிகாரிகள் சொல்வதை நான் நம்பவில்லை. உடைந்த மதுபாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்பதால், 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தரும் திட்டம் தொடங்கியது. குடித்துவிட்டுப் பாட்டிலைக் காட்டில் வீசுபவர் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ, அவரே பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் வீசிவிட்டுப் போனதையும் இன்னொருவர் பொறுக்கிவந்தார். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பின, திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் போனது. இருபது ஆண்டுகளுக்கும் முன்பே பிளாஸ்டிக்குக்குத் தடை போட்டு, கடைக்காரர்களின் பழக்கத்தை மாற்றிக்காட்டிய மாவட்டமும் இதுதான்.

காலம் மட்டும் குறைவாக இருக்கிறது. ஊட்டியும் கொடைக்கானலும் கட்டுப்பாட்டுக்குள் வரவர, கூட்டம் ஏற்காட்டுக்கும் ஏலகிரிக்கும் கொல்லிமலைக்கும் வால்பாறைக்கும் திரும்புகிறது. ஒரு மலையாளப் படம் ஓடியதும் கொடைக்கானலின் குணா குகையில் என்ன நெரிசல் ஏற்பட்டது என்பதை 2024-ல் பார்த்தோம். கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில், கூட்டத்தை இழுக்கும் குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. அந்த ஆண்டுக்குள் அங்கே எவ்வளவு அறைகள் கட்டப்பட்டிருக்கும் என்பதை இன்றைய அனுமதிகள்தான் தீர்மானிக்கும்.

மலைகளின் தாங்குதிறனை ஆராயும் பொறுப்பைச் சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் நீதிமன்றம் ஒப்படைத்தது. அவர்கள் தரும் முடிவுகளைத் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு கிராம சபையிலும் வார்டிலும் படித்துக்காட்ட வேண்டும். அதுவரை புதிய விடுதிகளுக்கும், வீடுகளை விடுதியாக மாற்றுவதற்கும் அனுமதியை நிறுத்திவைக்க வேண்டும். இருக்கும் விடுதிகள் ஒவ்வொன்றும் தண்ணீரை எங்கிருந்து எடுக்கிறது, கழிவை எங்கே விடுகிறது என்று வாசலில் எழுதி வைக்கட்டும். பொங்கல் விடுமுறைக் கூட்டம் இறங்கியதிலிருந்து ஏப்ரல் வரை மலையில் வேலை குறைவு. நகராட்சி ஊழியர்களும், சீசனுக்காகக் காத்திருக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளும் சேர்ந்தால் அந்த இடைவெளியில் தெருத்தெருவாகப் போய் அறைகளை எண்ணி முடித்துவிடலாம்.